ஒரு கொத்து புதினா

மொராக்கோ போகிறேன் என்று சொன்னவுடன் எதிர்வீட்டு மாமா கேட்டார்: "அது மொரீஷியஸுக்குப் பக்கத்துலதானே இருக்கு?"

இல்லை மாமா. மொரீஷியஸ் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே நடுக்கடலில் இருக்கிறது. மொராக்கோ அதே ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில், ஸ்பெயினுக்கு எதிர்வீடு. நடுவில் ஜிப்ரால்டர் ஜலசந்தி, குறுகலான இடத்தில் 14 கிலோமீட்டர்தான். தாம்பரத்திலிருந்து கிண்டி போகிற தூரம். இதையெல்லாம் விளக்கிச் சொன்ன பிறகு மாமா பொறுமையாகக் கேட்டார்: "சரி, அங்கே போய் என்ன பண்ணப் போறே?"

நியாயமான கேள்வி. சீட்டு எடுத்த பணத்தில் அவனவன் பைக் வாங்குவான், மச்சினி கல்யாணத்துக்கு மொய் வைப்பான். நான் விமான டிக்கெட் வாங்கினேன். காரணம், காசாபிளாங்காவில் வேலை பார்க்கும் என் நண்பன். (பெயர் போட மாட்டேன். அவன் மனைவி இந்தப் பத்திரிகை படிப்பவள். அவன் ஆபீஸுக்கு லீவு போட்டதே அவளுக்குத் தெரியாது.) சென்னையில் பி.காம். படித்த மூன்று வருஷமும் ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அவன். "வாடா, ஃபெஸ்னு ஒரு ஊர் இருக்கு, காட்டறேன்" என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

காசாபிளாங்காவிலிருந்து ரயிலில் நாலு மணி நேரம். ஆலிவ் தோப்பு, கோதுமை வயல், கழுதை, மறுபடி ஆலிவ் தோப்பு. தூங்கி எழுந்தால் ஃபெஸ்.

ஒரு சிவப்புத் தொப்பி, உச்சியில் கறுப்புக் குஞ்சம், பழைய சினிமாவில் பாய் வேஷம் போடுகிறவர் தலையில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொப்பிக்கு இங்கிலீஷில் இந்த ஊர்ப் பெயர்தான். ஊரில் யாராவது அதைப் போட்டிருக்கிறார்களா என்று தேடினேன். டூரிஸ்ட்டுகள் போட்டிருந்தார்கள்.

ஊரின் ஜாதகம் சுருக்கமாக: கி.பி. 789ல் முதலாம் இத்ரிஸ் ஆற்றின் ஒரு கரையில் ஆரம்பித்தார். 809ல் அவர் மகன் இரண்டாம் இத்ரிஸ் எதிர்க்கரையில் இன்னொரு ஊர் கட்டினார். (அப்பா கட்டிய வீட்டுக்குப் பக்கத்திலேயே மகன் தனிக் குடித்தனம் போவது அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.) ஸ்பெயினின் கோர்டோபாவிலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஒரு கரையிலும், துனீஷியாவின் கைரவான் ஊரிலிருந்து வந்தவர்கள் மறு கரையிலும் குடியேறினார்கள். பிறகு இரண்டும் ஒன்றாகி, சுற்றி ஒரே மதில்.

1912ல் மொராக்கோ பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போயிற்று. அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானதே இந்த ஊரில்தான். அவர்கள் தங்களுக்கென்று வெளியே புது ஊர் கட்டிக்கொண்டு, பழைய ஊரை அப்படியே விட்டுவிட்டார்கள். நல்லெண்ணமா, ஒதுக்கி வைத்ததா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எப்படியோ, ஊர் தப்பித்தது. 1981ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

பழைய ஊருக்குள் போக 'பாப் பூ ஜெலூத்' என்று ஒரு வாசல். வெளிப்பக்கம் நீல ஓடு, உள்பக்கம் பச்சை ஓடு. நீலம் ஊரின் நிறம், பச்சை இஸ்லாத்தின் நிறம். எல்லா போஸ்ட்கார்டிலும் இதுதான். நான் பயபக்தியோடு நின்று, "ஆயிரத்து இருநூறு வருஷம்!" என்றேன். நண்பன் சிரித்தான். "1913ல கட்டினதுடா." நம்ம சென்ட்ரல் ஸ்டேஷன் 1873. அதைவிட நாற்பது வருஷம் இளசு! அசல் பழைய வாசல் பக்கத்திலேயே சின்னதாக, யாரும் போட்டோ எடுக்காமல் நிற்கிறது.

உள்ளே நுழைந்த பத்தாவது நிமிஷம் தொலைந்து போனோம்.

தொலைவது என்றால் சாதாரணமாக இல்லை. ஒன்பதாயிரத்துக்கும் மேல் சந்துகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். சில சந்துகளில் நான் நேராக நடந்தால் என் தொந்தி தனியாக உரசிக்கொண்டு வருகிறது. செல்போன் மேப்பில் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி, ஒரு சமயம் மசூதிக்குள், ஒரு சமயம் யாரோ வீட்டு சமையலறைக்குள், ஒரு சமயம் ஆற்றுக்குள் என்று குதித்துக்கொண்டிருந்தது. கார், பைக், ஆட்டோ எதுவும் கிடையாது. எல்லாச் சரக்கும் கழுதையில்தான். கேஸ் சிலிண்டர் கழுதையில் போகிறது. கோக்க கோலா பெட்டி கழுதையில் போகிறது. குளிர்சாதனப் பெட்டி ஒன்று கழுதை மேல் போனதைப் பார்த்தேன். கழுதையின் முகத்தில் எங்கள் பழைய ஆபீஸ் ஹெட் கிளார்க்கின் மார்ச் 31ந் தேதி முகம் அப்படியே தெரிந்தது.

கழுதைக்காரர் "பாலாக்! பாலாக்!" என்று கத்துகிறார். பாலக் கீரை விற்கிறார் என்று நினைத்து நின்றேன். முதுகில் ஒரு மூட்டை இடித்து என்னைச் சுவரோடு சுவராக ஒட்டியது. 'பாலாக்' என்றால் 'ஒதுங்கு' என்று அர்த்தமாம். இந்த ஒரு அரபி வார்த்தையை நான் ஜன்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

நடுவில் கடைக்காரப் பையன்கள். என் மூஞ்சியைப் பார்த்ததும், "ஷாருக் கான்! அமிதாப் பச்சன்!" நான் நிறுத்தி, "ரஜினிகாந்த்" என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். துண்டை உதறித் தோளில் போட்டும் காட்டினேன். பையன் யோசித்துவிட்டு, "ஓ... சல்மான் கான்!" என்றான். தமிழ் சினிமா போக வேண்டிய தூரம் நிறைய இருக்கிறது.

கடைசியில் கழுத்தில் அட்டை மாட்டிய அரசாங்க கைடு ஒருவரை அமர்த்திக்கொண்டோம். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். தொளதொள அங்கி, அதற்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ. பிரெஞ்சு, ஸ்பானிஷ், இங்கிலீஷ் எல்லாம் பேசுவார். "ஷார்ட்கட் காட்டறேன், அந்த ரோடு மூடியிருக்கு" என்று கூடவே வருகிற பையன்களை நம்பாதீர்கள். ரோடு மூடியே இருக்காது. கடைசியில் நீங்கள் நிற்பது ஒரு கார்ப்பெட் கடையில்! வெள்ளிக்கிழமையும் போகாதீர்கள். பாதிக் கடை பூட்டியிருக்கும்.

முதலில் பூ இனானியா மதரஸா. 1350களில் அபூ இனான் என்ற சுல்தான் கட்டிய கல்லூரி. இஸ்லாமியர் அல்லாதவர்களையும் உள்ளே விடும் மிகச் சில மதக் கட்டடங்களில் ஒன்று. முற்றத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் கீழே ஓடு, நடுவே சுண்ணச் சாந்து, மேலே தேவதாரு மரம் என்று ஒரு அங்குலம் பாக்கி இல்லாமல் செதுக்கியிருக்கிறார்கள். உருவம் ஒன்று கிடையாது. எழுத்தும் கட்டமும் கொடியும்தான். நம்ம கோயில் கோபுரம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதலில் 'எங்கே சாமி?' என்று தேடத் தோன்றியது. அரை மணி கழித்து வெளியே வர மனசில்லை.

இங்கே கைடு பெரியவர் ஒரு கதை சொன்னார். கட்டி முடித்ததும் கணக்கப்பிள்ளை செலவுக் கணக்கைக் கொண்டுவந்து நீட்டினாராம். சுல்தான் புரட்டிக்கூடப் பார்க்காமல் பேரேட்டைத் தூக்கி ஆற்றில் போட்டுவிட்டாராம். அழகான பொருளுக்கு விலை பார்க்கக் கூடாது என்று காரணம் சொன்னாராம். சுற்றி நின்ற அமெரிக்கர்கள் "ஆஹா!" என்றார்கள். நானும் நண்பனும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பி.காம். பட்டதாரிகள். வவுச்சர் இல்லை, லெட்ஜர் இல்லை, ஆடிட்டர் வந்தால் என்ன சொல்வான் பாவம் அந்தக் கணக்கப்பிள்ளை?

இதே அபூ இனானுக்கும் நம்ம மதுரைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. இபின் பதூதா என்ற யாத்திரிகர் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வந்திருப்பார். 1325ல் டாஞ்சியர் ஊரிலிருந்து கிளம்பி, டெல்லி, மாலத்தீவு, இலங்கை எல்லாம் சுற்றி மதுரைக்கும் வந்தார். அப்போது மதுரையில் சுல்தான் ஆட்சி. சுல்தான் கியாசுதீனின் மனைவியும் இபின் பதூதாவின் மனைவியும் அக்கா தங்கை. அதாவது சகலை முறை! சகலை வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர், ஊரில் கொள்ளை நோய் பரவுவதையும், சகலை செய்த கொடுமைகளையும் பார்த்துவிட்டுக் கிளம்பினார். ஒரு வழியாகச் சொந்த நாடு திரும்பிய பின், இந்த அபூ இனான்தான் "பார்த்ததையெல்லாம் சொல்லும்" என்று உட்கார வைத்து, ஒரு எழுத்தரையும் கொடுத்தார். 1355ல் இதே ஃபெஸ் நகரில் புத்தகம் முடிந்தது. மதுரைக்காரர்களே, உங்கள் ஊரின் அந்தக் காலத்துச் சமாசாரம் எழுதப்பட்டது இங்கேதான்.

மதரஸாவுக்கு எதிரில் 1357ஆம் வருஷத்துத் தண்ணீர்க் கடிகாரம். சுவரில் பன்னிரண்டு ஜன்னல். மணிக்கு ஒரு முறை ஒரு ஜன்னல் திறந்து, குண்டு ஒன்று வெண்கலக் கிண்ணத்தில் விழுமாம். எப்படி ஓடியது என்கிற சூட்சுமம் இன்று யாருக்கும் தெரியாது. தொழில் தெரிந்தவர் அதை யாருக்கும் சொல்லாமல் போய்விட்டார். நம்ம ஊர் வைத்தியர்கள் மாதிரி.

அப்புறம் கரவியீன். கைரவானிலிருந்து வந்த பாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண்மணி, அப்பா விட்டுப்போன சொத்தை வைத்து 859ல் கட்டியதாகச் சொல்லப்படும் மசூதி. அதுவே வளர்ந்து பல்கலைக்கழகம் ஆனது. உலகத்திலேயே தொடர்ந்து நடந்துவரும் பழைய பல்கலைக்கழகம் என்று கின்னஸ் புத்தகம் சொல்கிறது. ஆக்ஸ்போர்டு எல்லாம் இதற்குப் பேரப்பிள்ளை. நாங்கள் உள்ளே போகக் கூடாது. வாசலில் நின்று முற்றத்தையும், வெள்ளைப் பளிங்கு நீர்த்தொட்டியையும், கை கால் கழுவுகிற ஒரு தாத்தாவையும் எட்டிப் பார்த்தேன். இதன் நூலகத்தைப் புதுப்பித்து 2016ல் திறந்தார்கள். அந்த வேலையைச் செய்தவரும் ஒரு பெண், அசீசா ஷாவுனி என்ற ஃபெஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர்.

இரண்டாம் இத்ரிஸின் சமாதிக்குப் போகும் சந்துகளில் கழுத்து உயரத்துக்குக் குறுக்கே ஒரு மரக்கட்டை. கழுதை உள்ளே போகாமல் இருக்கவாம். மனுஷன் தலையைக் குனிந்து போக வேண்டும். குனிந்தேன். நிமிரும்போது இடித்துக்கொண்டேன்.

"அடுத்து?" என்றேன் தலையைத் தடவியபடி.

"அடுத்துதான் மெயின் பிக்சர். டேனரி!" என்றான் நண்பன்.

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. டீ குடிக்கலாம் என்றேன். குடித்தோம். இந்த ஊர் டீயில் பால் கிடையாது. கண்ணாடி கிளாஸ் முழுக்கப் புதினா இலையைத் திணித்து, சர்க்கரையைக் கொட்டி, நம்ம டீ மாஸ்டர் ஆற்றுகிற மாதிரி கையை உயரத் தூக்கி ஊற்றுகிறார்கள். ஒரு கிளாஸ் போதும். நான் மூன்று குடித்தேன். போவதைத் தள்ளிப் போடத்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் வாணியம்பாடிப் பக்கம். அப்பா முப்பத்திரண்டு வருஷம் ஒரு டேனரியில் வேலை பார்த்தார். ஆட்டுத் தோலை உப்புப் போக ஊற வைத்து, சுண்ணாம்பில் போட்டு, முடி நீக்கி, சதை நீக்கி, பெரிய மர டிரம்மில் க்ரோம் மருந்தோடு சுற்றவிட்டால் தோல் வெளிர் நீலமாக வெளியே வரும். 'வெட் ப்ளூ' என்பார்கள். அப்பாவுக்கு அந்த டிரம் செக்ஷன். நகக்கண்ணில் எப்போதும் ஒரு நீலம். மாலையில் வீட்டுக்கு வந்தால் நேராகக் கிணற்றடி. லைஃப்பாய் சோப் போட்டு ஒரு தரம், மறுபடி ஒரு தரம். அப்படியும் அந்த வாசனை போகாது. அது சட்டையில் இருப்பதில்லை சார், ஆளிலேயே இருக்கும்.

சின்ன வயசில் அது எனக்கு நாற்றம் என்றே தெரியாது. ஊரே அப்படித்தான். சென்னைக்குப் படிக்க வந்த பிறகுதான் தெரிந்தது. முதல் வாரம் ஹாஸ்டலில் யாரோ என் பெட்டியைத் திறந்து, "என்ன மச்சான், எலி செத்துப் போச்சா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா என்ன பண்றார் என்று கேட்டார்கள். "எக்ஸ்போர்ட் கம்பெனி" என்றேன். பொய்யில்லை பாருங்கள். தோல் எக்ஸ்போர்ட்தானே ஆகிறது?

ஆனால் அப்பா ஹாஸ்டலுக்கு வந்தால் கம்பெனி எது என்று மூக்கே சொல்லிவிடும். "ஏன்ப்பா அவ்வளவு தூரம் அலையறீங்க? நானே சென்ட்ரலுக்கு வந்துடறேன்" என்றேன். மூன்று வருஷமும் ஃபீஸ் பணத்தை சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில்தான் வாங்கினேன். அப்பா பணத்தையும் அம்மா கொடுத்த முறுக்கையும் கொடுத்துவிட்டு, அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடுவார். கான்வகேஷனுக்குக் கூப்பிட்டேன். சத்தமில்லாமல், ஒரு தரம். "அன்னிக்கு ஷிஃப்ட் இருக்குடா" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இத்தனை வருஷமாக எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் சஸ்பென்ஸ் அக்கவுண்டிலேயே வைத்திருக்கிறேன்.

சரி, டேனரிக்கு வருவோம்.

ஷவ்வாரா என்று பெயர். ஃபெஸ்ஸில் இருக்கும் பழைய டேனரிகளில் பெரியது. நேரே உள்ளே போவதில்லை. சுற்றிலும் உள்ள தோல் சாமான் கடைகளின் மொட்டை மாடியில் ஏறி, மேலிருந்து பார்க்க வேண்டும். மாடிப்படி ஏறும்போதே கடைக்காரர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கொத்து புதினா கொடுக்கிறார். மூக்கில் வைத்துக்கொள்ளத்தான். "மொராக்கோ கேஸ் மாஸ்க்!" என்று ஜோக் வேறு. தினமும் நூறு தரம் சொல்வார் போலிருக்கிறது.

எனக்கு முன்னால் போன பிரெஞ்சு அம்மாள் புதினாவோடு சேர்த்துக் கைக்குட்டையையும் அழுத்திக்கொண்டார். நண்பன் ஒரு கொத்து போதாதென்று என்னுடையதையும் பிடுங்கிக்கொண்டான். நான் வெறும் மூக்கோடு மாடி ஏறினேன்.

ஏறினால்... வீடு.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சுண்ணாம்பு, ஈரத் தோல், அழுகின கொழுப்பு. க்ரோம் மட்டும் இல்லை. பதிலுக்குப் புறா எச்சம் கூடுதல். மற்றபடி சாயந்திரம் ஆறே கால் மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் சைக்கிள் வந்து நிற்கும் வாசனை. என் கண்ணில் தண்ணீர் வந்தது. "அமோனியா" என்று நண்பனிடம் சொன்னேன்.

கீழே பெரிய ஓவியப் பெட்டி மாதிரி வட்ட வட்டமாகக் கல் தொட்டிகள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பு, மாட்டு மூத்திரம், உப்பு, தண்ணீர். ஆட்டுத் தோல், மாட்டுத் தோல், ஒட்டகத் தோல் எல்லாம் இரண்டு மூன்று நாள் அதில் ஊறி முடி கழலும். பிறகு புறா எச்சம் கரைத்த தொட்டி. அதில் இருக்கும் அமோனியா தோலை மெத்தென்று ஆக்கும். அதில் இறங்கி மணிக்கணக்கில் காலால் மிதிக்கிறார்கள். அதற்கப்புறம் சாயத் தொட்டிகள்: மருதாணியில் ஆரஞ்சு, அவுரியில் நீலம், பாப்பிப் பூவில் சிவப்பு என்று கைடு பெரியவர் பட்டியல் போட்டார். முழங்காலுக்கு மேல் சாயத்தில் நின்றபடி ஆட்கள் தோலை முக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே நூறு கேமராக்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அழகாக இருக்கிறது என்று எழுதினால் பொய். அழகாக இல்லை என்று எழுதினாலும் பொய். இந்தத் தொழில் பக்கத்து ஆற்றை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பாலாறு அப்படித்தான் போயிற்று. 1996ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து, சுத்திகரிப்பு வசதி இல்லாத டேனரிகளை மூடச் சொன்னபோது எனக்கு எட்டு வயசு. அப்பா சில நாள் வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில்தான் நடந்தது. ஃபெஸ் தோல் கழிவும் சீபூ ஆற்றை விட்டு வைக்கவில்லை.

கைடு பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குப் புதினா வேண்டாமா?"

"வேண்டாம்."

"மூக்கு அடைத்திருக்கிறதா?"

"இல்லை. என் அப்பா டேனரியில் வேலை பார்த்தவர்" என்றேன்.

இங்கிலீஷில்தான் சொன்னேன். ஆனால் பக்கத்தில் நின்றவனுக்கு இங்கிலீஷ் தெரியும். நண்பன் மூக்கிலிருந்து புதினாவை எடுத்தான். "எக்ஸ்போர்ட் கம்பெனின்னு சொன்னே?"

நான் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதான் உங்கப்பாவை நாங்க ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையா?"

பதில் சொல்லவில்லை. அவனும் மேலே கேட்கவில்லை. இரண்டு கொத்து புதினாவையும் பான்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறான் என்று முகம் சிவப்பதில் தெரிந்தது.

அதற்குள் கைடு பெரியவர் கடைக்காரரிடம் அரபியில் ஏதோ சொல்ல, கடைக்காரர் உள்ளே குரல் கொடுக்க, ஒரு தாத்தா வந்தார். கடைக்காரரின் சித்தப்பாவாம். ஐம்பது வருஷம் கீழே தொட்டியில் நின்றவர். என் கையைப் பிடித்து, தன் உள்ளங்கையைக் காட்டினார். ரேகையெல்லாம் பழுப்புச் சாயம். "உங்க அப்பா இருக்கிறாரா என்று கேட்கிறார்" என்றார் கைடு.

இருக்கிறார். நம்ம ஊரில் அப்போது மத்தியானம் மூன்றரை. வீடியோவில் கூப்பிட்டேன். தூக்கத்திலிருந்து எழுந்த முகம். "இன்னாடா இந்நேரத்துல? பணம் காசு எதனா தொலைச்சிட்டியா?"

போனைத் திருப்பித் தொட்டிகளைக் காட்டினேன். அரை நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு, "கண்ணாடியை எடு" என்று அம்மாவிடம் சொல்வது கேட்டது. கண்ணாடி வந்தது.

"டிரம் இல்லியா?"

"இல்லப்பா. எல்லாம் கால்லதான்."

"சுண்ணாம்புல எத்தினி நாளு போடறாங்க?"

நான் கைடிடம் கேட்க, கைடு தாத்தாவிடம் கேட்க, பதில் அதே வழியில் திரும்பி வந்தது. "ரெண்டு மூணு நாளாம்பா."

"குளிர் காலத்துல அது பத்தாதே! நல்லா கேளு."

கேட்டேன். தாத்தா சிரித்து, விரலை நீட்டி என்னவோ சொன்னார். குளிரில் இன்னும் கூட வைப்பார்களாம். அப்பா 'பார்த்தியா' என்கிற மாதிரி தலையாட்டினார். புறா எச்சம் என்றதும், "எங்க தாத்தா காலத்துல கோழி எச்சம்டா. அப்பல்லாம் ஆவாரம்பட்டைதான், க்ரோம் ஏது" என்றார். ஆவாரம்பட்டையை அரபிக்கு எப்படிக் கொண்டுபோவது? 'ஒரு மரத்துப் பட்டை, மஞ்சள் பூ' என்று சமாளித்தேன். தாத்தாவும் ஏதோ ஒரு பட்டையின் பெயரைச் சொன்னார். அது என்னவென்று கைடுக்கும் தெரியவில்லை. அதைப் பற்றி அவர்கள் இருவருக்கும் கவலையே இல்லை. தாத்தா அரபியில் பேசுகிறார். அப்பா தமிழில் "ஆமாமா, அதான்" என்கிறார். ஒரு கட்டத்தில் அவர் கையைக் காட்ட, இவரும் கையைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவர, என் போன் முழுக்க அப்பாவின் உள்ளங்கை. ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் ஆகிறது. நகக்கண்ணில் நீலம் போயிருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

திடீரென்று நண்பன் என் கையிலிருந்து போனை வாங்கினான். "அப்பா, வணக்கம். நான் இவனோட காலேஜ் ரூம்மேட்."

"நீங்கதானா தம்பி! பேரு சொல்லுவான். ஒரு தபா ஹாஸ்டலுக்கு வந்து உங்களையெல்லாம் பாக்கணும்னு இருந்துச்சு. எங்க... லீவே கெடைக்கல."

நண்பன் என்னைப் பார்த்தான். நான் பார்க்கவில்லை. "இந்தத் தடவை ஊருக்கு வரும்போது நான் வீட்டுக்கு வரேன்பா" என்றான்.

"வாங்க வாங்க. தம்பி, போனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க... மாடியில நிக்கறாங்களே வெள்ளைக்காரங்க, எல்லார் கையிலயும் பச்சையா அது இன்னா?"

நண்பன் வாயைத் திறப்பதற்குள் நான் போனைப் பிடுங்கினேன்.

"புதினாப்பா. இந்த ஊர்ல டீயில போடுவாங்க."